லோ வோல்டேஜில் பதிந்த கேசட்

இளம்பிள்ளையில் பன்னிரண்டு விசைத்தறி ஓடிய ஒரு பட்டறையில், இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் ஒரு கேசட்டில் கத்தி வைத்தோம். தொண்டை கிழியக் கத்துகிற டெத் மெட்டல் இசையில் இந்தப் பக்கத்தில் அதுதான் முதல் டெமோ, அதாவது மாதிரிப் பதிவு, என்று இப்போது கொண்டாடுகிறார்கள். கொண்டாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புக்கூட வருவதில்லை.

மூன்று பேரில் ஒருவன் பட்டறை முதலாளியின் மகன். சேலத்தில் பாலிடெக்னிக் படித்தான். ஹாஸ்டலில் யாரோ கொடுத்த வெளிநாட்டுக் கேசட்டைக் கேட்டுவிட்டு ஒரு கிதார் வாங்கினான், தலைமுடி வளர்த்தான். மூன்று விரலுக்கு மேல் அவனுக்குக் கம்பியில் ஓடாது. இன்னொருவன் பட்டறையில் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிறவன். பள்ளிக்கூடத்துப் பேண்டு டிரம்மும் இரண்டு எண்ணெய் டின்னும் வைத்து அடித்தான். இப்போது போர்வெல் லாரியோடு வடக்கே எங்கோ இருக்கிறான்.

மூன்றாவது நான். பத்தாவது முடித்துத் தறிக்கு வந்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எச்சில் விழுங்குவேன். ஆனால் தறி ஓடும்போது கத்துவேன். பன்னிரண்டு தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது. தறியில் பாவு நூல் அறுந்தாலும், முதலாளி காலையில் ஏதாவது சொல்லியிருந்தாலும், சுவரைப் பார்த்து நின்று அடிவயிற்றிலிருந்து கத்துவேன். ஒருநாள் கரண்ட் போய்த் தறிகள் எல்லாம் நின்றன. என் கத்தல் மட்டும் நிற்கவில்லை. முதலாளி மகன் ஓடி வந்தான்.

"டேய், இதாண்டா! அந்தக் கேசட்டுல ஒருத்தன் இப்படித்தான் கத்தறான்!"

அவமானத்தில் இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து கூட்டிக்கொண்டு போனான்.

பதிவு செய்தது தீபாவளிக்கு முந்தின மாதம். "ஆர்டர் கெடக்குது. தறிய நிறுத்துனா கைய ஒடிச்சுப் போடுவேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் தறிகள் ஓட ஓடத்தான் பதிந்தோம். டிரம் அடிக்கிறவனுக்குத் தாளம் நிற்காது. பக்கத்துத் தறியில் நூலோடு நாடா இடமும் வலமும் போய்வருகிற வேகத்தைப் பிடித்துக்கொண்டு அடி என்றோம். அடித்தான். ஆறு மணிக்கு ஊரெல்லாம் விளக்குப் போட்டார்கள், வோல்டேஜ் இறங்கியது, தறி முக்க ஆரம்பித்தது. தறி மெதுவானதும் அவனும் மெதுவானான், கிதாரும் மெதுவானது, மூச்சு வாங்கிக்கொண்டு நானும் மெதுவாகக் கத்தினேன். பாட்டுப் பாதியில் இழுத்துக்கொண்டு சாவதுபோல் ஆனது. டேப் ரெக்கார்டரில் போட்டிருந்தது என் அண்ணன் கல்யாணக் கேசட். நாங்கள் நிறுத்திய இடத்துக்குப் பிறகு பழைய நாதஸ்வரம் தொடர்ந்தது. அழிக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கேசட் ஹாஸ்டலில் நகலாகி, பெங்களூருக்குப் போய், பத்து வருஷம் முன்னால் இணையத்தில் ஏறிவிட்டது. அதன்பிறகு புறப்பட்ட பேண்டுகள் எல்லாம் பாட்டுப் பாதியில் இழுத்துக்கொண்டு மெதுவாகின்றன. வருஷக்கணக்கில் கிதார் படித்தவர்கள் எங்கள் ஊர் டிரான்ஸ்ஃபார்மரைக் காப்பியடிக்கிறார்கள். இரண்டு பேண்டுகள் கடைசியில் நாதஸ்வரமும் சேர்த்திருக்கின்றன. என் அண்ணிக்குத் தாலி ஏறிய நேரத்துச் சத்தம் அது. அதை மரணத்தின் அழைப்பு என்று ஒருவன் எழுதியிருக்கிறான்.

இதெல்லாம் எனக்குப் பொருட்டில்லை. பொருட்டானது ஒன்றுதான். போன வருஷம் என் மகள் போனை நீட்டினாள். முதலாளி மகன் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான். இப்போது பட்டுச்சேலைக் கடை வைத்திருக்கிறான். தலையில் முடி இல்லை. அந்தக் குரல் தன்னுடையது என்றான். "கூட ஒருத்தர் இருந்தாரு. டேப் ரெக்கார்டரப் புடிச்சுக்கிட்டாரு."

"அப்பா, அது நீங்கதானுங்களா?" என்றாள் மகள். பதிந்த அன்றைக்கு டேப் ரெக்கார்டர் ஸ்டூல் மேல் இருந்தது. அதை யாரும் பிடிக்கவே இல்லை. குழம்பு ஊற்று என்று தட்டை நீட்டினேன்.

இந்தச் சித்திரை மாதம் பெங்களூரிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். வேகாத வெயிலில் கறுப்புச் சட்டை. டெமோவை இசைத்தட்டாகப் போடப் போகிறார்களாம். மூலக் கேசட் வேண்டும். அது என்னிடம்தான் இருந்தது. அண்ணன் கல்யாணக் கேசட் அல்லவா. முதலாளி மகனே அவர்களை என் பட்டறைக்குக் கூட்டி வந்தான். இப்போது எனக்கும் நாலு தறி ஓடுகிறது. சாப்பாட்டு நேரம் என்பதால் நிறுத்தி வைத்திருந்தேன்.

"அங்கிள், நீங்கதான் டேப் புடிச்சீங்களா?" என்றான் ஒருவன்.

எனக்கு எச்சில்தான் வந்தது. இன்னொருவன் முதலாளி மகனிடம், "அண்ணா, ஒரே ஒரு தடவை கத்திக் காட்டுங்களேன்" என்றான்.

"தொண்ட போயிருச்சு தம்பி. கலைக்காகக் குடுத்தது" என்றான் அவன்.

நான் எழுந்து சுவிட்சைப் போட்டேன். நாலு தறியும் ஓடின. சுவரைப் பார்த்து நின்று கத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. யாரோ சுவிட்சை அணைத்தார்கள். தறிகள் நின்றன. நான் மட்டும் கத்திக்கொண்டிருந்தேன்.

திரும்பினேன். ஒரு பையன் கண்ணில் தண்ணீர். முதலாளி மகன் பாவு நூலை ஆராய்ந்துகொண்டிருந்தான், வாங்க வந்தவன்போல.

"அந்தத் தாராமங்கலம் ரோட்டுல ஒரு வேல இருக்குது, வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வண்டியை எடுத்தான்.

கண்ணைத் துடைத்த பையன் கிட்டே வந்தான். "அங்கிள், அந்த மெதுவாகற இடத்த மட்டும் செஞ்சு காட்டறீங்களா?"

"இப்பெல்லாம் கரண்ட் நல்லா வருதுங்க தம்பி" என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. விளக்கவும் எனக்கு விருப்பமில்லை. கேசட்டைக் கொடுத்தேன். அட்டையில் குரல் என்ற இடத்தில் என் பெயரைப் போடுகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன். போட்டால் இப்படி நாலு பேர் தினமும் வந்து கத்தச் சொல்வார்கள்.

"அப்ப அவரு பேரே இருக்கட்டுங்களா?"

"அவன் பேர் கூடாது. அந்த எடம் சும்மா கெடக்கட்டும்."

இசைத்தட்டு வந்துவிட்டது. கிதார், டிரம் என்பதற்கு நேரே பெயர்கள் இருக்கின்றன. குரலுக்கு நேரே ஒன்றுமில்லை. மகள் அந்த வெற்றிடத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பையன்கள் வந்த அன்றைக்குப் பட்டறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்தால் போதும்.

போன வாரம் அவளே இன்னொன்றையும் காட்டினாள். பெங்களூரில் புதிதாக ஒரு பேண்டு இசைத்தட்டு போட்டிருக்கிறது. அட்டையில் பாடியவன் பெயரை மட்டும் காலியாக விட்டிருக்கிறார்கள்.