டான்சி தபாலாபீசுக்கு மேலே

ஓமா நேப்பியருக்குத் தன் தாயைப் பற்றி, பெயரையும் செத்த வருஷத்தையும் தவிர, தெரிந்தது ஒரே ஒரு வரி. "உங்கம்மா டான்சி தபாலாபீசுக்கு மேல படுத்திருக்கா." அவள் அப்பன் சொன்னது. பெண்டாட்டி செத்த கையோடு நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வேலை தேடி ஒஹையோவின் டேட்டன் நகரத்துக்குப் போன மனிதன், சாகும்வரை அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. தாயின் படம் என்று ஒன்று கிடையாது.

ஓமா டேட்டனில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் வெந்து, புருஷனையும் அங்கேயே அடக்கம் செய்துவிட்டு, அறுபதுக்கு மேல் அந்த ஒரு வரியோடு எங்கள் கென்டக்கி மலைக்குத் திரும்பி வந்தாள். என் வீட்டுக்குப் பக்கத்து டிரெய்லர் வீட்டில் குடியேறினாள். அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. என்னிடம் வண்டி இருந்தது, வேலைதான் இல்லை. அப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். என் பெயர் ஆர்டித். வர்ஜீனியாப் பக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். தலை நரைத்த பிறகும் இவர்களுக்கு நான் வந்தேறிதான்.

டான்சி எங்கே இருந்தது என்று ஓமா கேட்காத ஆள் இல்லை. வரைபடத்தில் அந்தப் பெயரே காணோம்.

"டான்சியா? அது வயித்துப்பூச்சிக்குக் கசாயம் வைக்கிற செடியாச்சே" என்றார் பெட்ரோல் பங்க்காரர்.

"ஊரு. எங்கம்மா இருந்த ஊரு."

"அப்படின்னா பூச்சி தின்னுட்டுதுன்னு நெனச்சுக்க."

ஓமா சிரித்தாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. எங்கள் பக்கத்தில் தபாலாபீசை மூடினால் ஊர் செத்தது என்று பொருள். ஜனங்கள் தொழிற்சாலைகளைத் தேடிப் போய்விட்டார்கள். கடித உறையில் எழுத முடியாத பெயரை எவன் ஞாபகம் வைத்திருப்பான்?

பிறகு யாரோ சொல்லித்தான் வாஷிங்டனுக்கு எழுதினாள். அந்தக் காலத்தில் தபாலாபீஸ் திறக்கிறவர், அது எந்த ஓடையின் எந்தக் கரையில் இருக்கிறது, பக்கத்து ஆபீஸ் எவ்வளவு தூரம் என்று எழுதி, ஒரு படமும் வரைந்து அனுப்ப வேண்டுமாம். டான்சியின் முதல் போஸ்ட்மாஸ்டர் சைலஸ் ஹென்ஸ்லி வரைந்ததன் நகல் ஒரு குளிர்காலம் கழித்து வந்து சேர்ந்தது.

"ஒரு மனுசன் ஓடைய இப்படியா வரைவான்? பன்னிக்குடல் மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஓமா அழுதாள்.

அந்தக் குடலைப் பிடித்துக்கொண்டுதான் போனோம். எங்கள் ஓடை மேலே இரண்டாகப் பிரியும். ஹென்ஸ்லி வரைந்தது இடது கிளை. முள்ளையும் பாம்பையும் தாண்டிப் போனால், ஒரு புகைபோக்கியின் கற்குவியல், ஆளில்லாத முற்றத்தில் மஞ்சள் நர்கிஸ் பூக்கள். அதற்கு மேலே, மேட்டில், நட்டுவைத்த வெறும் கற்கள். பெயர் செதுக்க வசதியில்லாதவர்களின் கல்லறைகள். ஓமா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, ஓரத்தில் சாய்ந்திருந்த கல்லின் முன்னால் உட்கார்ந்தாள்.

"இதுதான் எங்கம்மா."

"எப்படிடி தெரியும்?"

"தெரியுது."

அறுபது வருஷம் தாயில்லாமல் இருந்தவளிடம் அத்தாட்சி கேட்க எனக்கு மனசு வரவில்லை.

வாஷிங்டனிலிருந்து இன்னொரு தாளும் வந்திருந்தது, போஸ்ட்மாஸ்டர்களின் பெயர் வரிசை. ஹென்ஸ்லிக்குப் பிறகு 1933-இல் எலைஜா டர்னர் என்று இருந்தது. "ஆள் மாறியிருக்கான்" என்றாள் ஓமா. தாளை மடித்து வைத்துவிட்டாள். அவள் தாய் டெல்சி செத்தது அதற்கு அடுத்த வருஷம்.

இதற்குள் நிலக்கரிக் கம்பெனி அந்த மலையின் தலையைச் சீவ வந்துவிட்டது. மலையைச் சீவினால் மண்ணை எங்கேயாவது கொட்ட வேண்டும். இடது பள்ளத்தில் கொட்டத் திட்டம். கல்லறை இருக்கிறது என்று காட்டினால் சட்டப்படி தொடக்கூடாது. ஓமா ஹென்ஸ்லியின் படத்தை எடுத்துக்கொண்டு நீதிமன்றப் படியேறினாள், பத்திரிகைக்காரனைப் பிடித்தாள், ஷெரீப்பின் உயிரை எடுத்தாள். முட்டி வீங்கியது. இருந்தும் விடவில்லை. கடைசியில் கம்பெனி ஆள் பிரெண்ட் என்பவன் அவள் டிரெய்லருக்கே இறங்கி வந்தான். பீன்ஸும் சோளரொட்டியும் தின்றுகொண்டே பேசினான். பேச்சு தேன்தான்.

"சரிங்கம்மா, இடது பள்ளத்தை விட்டுடறோம். ஆனா மண்ணு எங்கயாவது போயாகணுமே. வலது பள்ளத்துல கொட்டினா உங்களுக்கு ஆட்சேபம் இல்லியே?"

"கொட்டிக்கங்க. அங்க எனக்கு யாரு இருக்கா?"

அவன் தாளை நீட்டினான். ஓமா கையெழுத்துப் போட்டாள். அவன் போனபிறகு இரண்டு பேரும் ஆப்பிள் பை சாப்பிட்டுக் கொண்டாடினோம். யானையை மண்டிபோட வைத்த மாதிரி எங்களுக்கு ஒரு மிதப்பு.

கம்பெனி செலவிலேயே கம்பி வேலி வந்தது. ஓமா தன் சேமிப்பைக் கொட்டிக் கருங்கல் ஒன்று செய்யச் சொல்லி, 'டெல்சி நேப்பியர்' என்று வெட்டி, பக்கத்தில் தன் பெயரையும் பிறந்த வருஷத்தையும் வெட்டினாள். சாவின் வருஷத்துக்கு இடம் விட்டிருந்தது. ஓரத்துக் கல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை நட்டோம். அவள் அவ்வளவு நிம்மதியாக இருந்து நான் பார்த்தது அந்த வருஷம்தான்.

அடுத்த மே மாதம் அலங்கார ஞாயிறு. எங்கள் வழக்கத்தில் அன்று கல்லறைப் புல்லைச் செதுக்கி, பூ வைத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். பத்திரிகையில் படித்துவிட்டு, இண்டியானாவிலிருந்து ஒரு கிழவியை அவள் மகன் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். ஹேசல் என்று பெயர். மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கோழிக்கால் ஒன்றைக் கடித்தபடி கல்லைப் படித்தாள்.

"டெல்சியா? டெல்சி எதுக்கு இங்க இருக்கா?"

ஓமா பூவோடு நிமிர்ந்தாள். "எங்கம்மாவைத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாம? நீ அந்தச் சின்னக் குட்டியா? எங்கப்பாதான்டி உங்கம்மாவுக்குச் சவப்பெட்டி செஞ்சாரு. எலைஜா டர்னர். எங்க மாட்டுக்கொட்டகைக்கு மேல, மேட்டுல வச்சோம். இது ஹென்ஸ்லி ஆளுங்க இடமாச்சே."

"தபாலாபீசுக்கு மேலன்னு எங்கப்பா சொன்னாரு."

"ஆமா, எங்க வீட்டுக்கு மேலதான். ஆபீசு எங்க சமையக்கட்டுல இருந்துது. ஹென்ஸ்லி ரிபப்ளிக்கன், எங்கப்பா டெமாக்ரட். வாஷிங்டன்ல கட்சி ஆட்சி மாறினா இங்க போஸ்ட்மாஸ்டர் மாறுவாரு, கடுதாசி பிரிச்சு வைக்கிற தபால் தட்டும் வீடு மாறும். கோவேறு கழுதை மேல ஏத்திக்கிட்டு வந்தாங்க, நான் பாத்தேன். ஊர்ப் பேரும் தட்டோடயே வந்துடும்."

"உங்க வீடு எங்க இருந்துது?" என்று நான்தான் கேட்டேன்.

"வலது கிளையில. இப்ப அங்க போக வழி இருக்காம்மா?"

கிழவி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கோழிக்காலைத் தட்டில் வைத்தாள்.

டேட்டனில் வளர்ந்தவளுக்குத் தபாலாபீஸ் என்றால் கட்டடம். ஆள் மாறுவான், கட்டடம் அங்கேயே இருக்கும். இங்கே அது ஒரு பலகைத் தட்டு என்று அவளுக்கு யார் சொன்னார்கள்? தெரிந்தவர்களெல்லாம் இண்டியானாவிலோ மண்ணுக்குள்ளோ இருந்தார்கள்.

அன்றே வலது கிளைக்குப் போகவேண்டும் என்றாள். போனோம். பள்ளமே இல்லை. மலையின் தலை முழுவதும் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. கம்பெனி அதன் மேல் புல் விதைத்திருந்தது. ஓமா வண்டியை விட்டு இறங்கவில்லை. மடியில் பிளாஸ்டிக் பூக்கள் அப்படியே கிடந்தன.

"நான்தானே கொட்டச் சொன்னேன், ஆர்டித்."

"நீ சொல்லலேன்னாலும் கொட்டியிருப்பானுங்க."

"இல்ல. இடது பக்கம் கொட்டியிருப்பானுங்க. நான் இந்த ஊர்ப் பக்கமே வராம இருந்திருந்தா எங்கம்மா பத்திரமா இருந்திருப்பா."

கடவுள் மேலும் கம்பெனி மேலும் வந்த ஆத்திரத்தில் வண்டியைத் திருப்பினேன்.

அதன்பின் ஓமா கல்லறைப் பக்கமே போகவில்லை. ஒரு நாள் மட்டும் கேட்டாள், நாம் பிடுங்கிப்போட்ட ஓரத்துக் கல் எங்கே என்று. வேலி போட வந்தவர்கள் பள்ளத்தில் எறிந்திருந்தார்கள். யாரோ ஒரு பாவப்பட்டவரின் தலைமாட்டில் தன் தாயின் பெயரை நட்டுவிட்டோமே என்றாள். தங்கள் ஊர்களையும் தேடித் தரச் சொல்லி மற்றவர்கள் எழுதிய கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவள் பிரிக்கவில்லை. சமைப்பதையும் விட்டாள். நான் கொண்டுபோன சூப்பு மேல் ஆடை கட்டிக் கிடக்கும். அடுத்த குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். டாக்டர் இதயம் என்றார்.

டேட்டனிலிருந்து அவள் மகன் போன் செய்தான்.

"எங்க புதைக்கறதுன்னு தெரியல ஆன்ட்டி. தாத்தா சொன்ன எடத்துலதான் படுக்கணும்னு அம்மா எப்பவும் சொல்லுவாங்களே. கல்லுல பேரு கூட வெட்டியாச்சாமே?"

"வெட்டியாச்சுப்பா. நீ உங்கப்பா பக்கத்துலயே வச்சிடு. இங்க உங்கம்மாவுக்கு யாரும் இல்ல."