ஓடு கீழே, பள்ளிக்கூடம் மேலே

போர்டு மீட்டிங்குக்குப் போய்ச் செய்தி எழுதுகிறவனுக்கு எழுதத் தெரிகிறதோ இல்லையோ, வாயைத் திறக்காமல் கொட்டாவி விடத் தெரிந்திருக்க வேண்டும். எந்தக் கூட்டத்திலாவது மூலை நாற்காலியில் உட்கார்ந்து, பிறர் பேசியதைக் குறிப்பெடுத்துக் கை வலித்தவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்தக் கஷ்டம் சொன்னாலும் புரியாது.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு சின்ன டவுன். அங்கே வாரம் ஒருமுறை வரும் நாலு பக்கப் பத்திரிகைக்கு நான்தான் நிருபர், வேறு ஆள் கிடையாது. எடிட்டர்தான் அச்சாபீஸ் முதலாளி. கல்யாணப் பத்திரிகை அடித்துச் சம்பாதித்ததையெல்லாம் இந்தப் பத்திரிகையில் விட்டுக்கொண்டிருந்த மனுஷர். அந்தப் பக்கத்து ஆரம்பப் பள்ளிக்கூடங்கள் தாலுகா போர்டு கையில் இருந்தன. எந்தப் பள்ளிக்குச் சுவர், எந்தப் பள்ளிக்குப் பெஞ்சு என்று மெம்பர்கள் கை தூக்குவார்கள். தூக்கின கைக்குக் காரியம் நடந்ததா என்று நான் போய்ப் பார்ப்பேன். அதனால் போர்டு ஆபீசில் என் தலையைக் கண்டால் ஒருத்தருக்கும் பிடிக்காது.

வண்டி போகும்

மலைமேல் குண்டனி நாடு என்கிற பகுதியில் ஒரு போர்டுப் பள்ளிக்கூடம். கூரை புல் வேய்ந்தது. மழை வந்தால் உள்ளேயும் மழை. வாத்தியார் மனுமேல் மனுவாக எழுதி ஓய்ந்துபோன பிறகு, ஒரு மீட்டிங்கில் அதற்குச் சீமை ஓடு போட்டுக் கொடுப்பதென்று தீர்மானம் வந்தது. ஓட்டுக்கு இவ்வளவு, வேலைக்கு இவ்வளவு, பள்ளிக்கூட வாசல்வரை மாட்டு வண்டி வாடகை இவ்வளவு. நான் பாதிக் கொட்டாவியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடிவாரத்துக் காரவள்ளியோடு வண்டித்தடம் முடிந்துபோகும். அதற்கு மேலே ஒற்றையடிப் பாதை, அதுவும் கல்லும் வேருமாகச் செங்குத்தாகப் போவது. மனுஷனே கையை ஊன்றி ஏறுகிற இடத்தில் மாடு என்ன செய்யும்?

போர்டில் பள்ளிக்கூடப் பணத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மிராசுதார். எல்லோரும் அவரைக் கல்வி மெம்பர் என்பார்கள். மீட்டிங் முடிந்ததும் அவரைப் பிடித்து, "ஐயா, மலைக்கு வண்டி போகாதே?" என்றேன். அவர் என்னைப் பரிதாபத்தோடு பார்த்தார். "வண்டிக்காரன் வாடகை பேசி ஒத்துக்கிட்டான் தம்பி. ரோடு இல்லாத ஊருக்கு எவனாச்சும் வண்டி ஓட்ட ஒத்துக்குவானா?"

காரவள்ளிக் களம்

வண்டிக்காரன் கெட்டிக்காரன். காரவள்ளி வரைக்கும் ஓட்டி வந்து, முதலில் கண்ணில்பட்ட காலி இடத்தில் ஓட்டையெல்லாம் இறக்கி அடுக்கிவிட்டு, முழு வாடகையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். காலி இடம் என்று அவன் நினைத்தது சோளம் அடிக்கிற களம். நான் போனபோது ஓட்டு அடுக்கின்மேல் இரண்டு ஆடுகள் நின்று ஊரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தன.

களத்துக்காரர் என்னை ஓவர்சியர் என்று நினைத்து ஓடிவந்தார். பத்திரிகைக்காரன் என்றதும் சப்பென்று ஆகிவிட்டது அவருக்கு. மலையில் பிள்ளைகள் நனைகிற கதையையெல்லாம் நான் எடுத்துச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "பள்ளிக்கூடத்தப் பத்தி எழுதுங்க, வேண்டாங்கலீங்க. ஆனா மொதல்ல என்ற களத்தப் பத்தி எழுதுங்க."

ஒன்றும் சொல்லாத வாத்தியார்

மேலே ஏறிப் பார்க்காமல் எழுதக்கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு உண்டு. அது என் முழங்காலைக் கேட்காமல் நான் வைத்துக்கொண்ட வீம்பு. பாதையில் நான் உட்காராத பாறை கிடையாது. மேலே போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. பள்ளிக்கூடத்தில் ஒழுகாத ஒரு மூலையில் பிள்ளைகள் சிலேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த மூலையும் சொட்ட ஆரம்பித்ததும், யாரும் சொல்லாமலே எல்லோரும் எழுந்து அடுத்த மூலைக்குப் போனார்கள்.

வாத்தியாரிடம் கேட்டால் வாயே திறக்க மாட்டேன் என்றார். சம்பளம் போர்டு சம்பளம். பத்திரிகைக்காரனிடம் பேசினால் வேலை போய்விடும். "நீங்க களைச்சு வந்திருக்கீங்க, அப்படி உக்காருங்க. எனக்குப் பாடம் இருக்குது" என்று பிள்ளைகள் பக்கம் திரும்பிக்கொண்டார். பாடம் சொல்வதை எழுதுதல். "எழுதுங்க கண்ணுகளா. போன மழையில் கிழக்குச் சுவர் இடிந்தது. முற்றுப்புள்ளி. மூன்று மனுக்களுக்குப் பதில் இல்லை. முற்றுப்புள்ளி. ஐப்பசி, கார்த்திகையில் பள்ளிக்கூடம் நடப்பதில்லை. முற்றுப்புள்ளி." நானும் அவசரமாகப் பென்சிலை எடுத்தேன். முடிந்ததும் அவர் என் குறிப்பை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நான் உங்ககிட்ட ஒரு வார்த்தை பேசலீங்க. நீங்களாத்தான் பசங்களோட உக்காந்து பாடம் எழுதினீங்க, கையெழுத்துத்தான் சுமார்."

நோட்டீஸ் போச்சு

'ஓடு கீழே, பள்ளிக்கூடம் மேலே' என்று தலைப்புப் போட்டு எழுதினோம். களத்துக்காரர் கேட்டுக்கொண்டதற்காகச் சோளத்தையும் ஒரு வரி சேர்த்தேன். பத்திரிகை வெளியான மறுநாளே போர்டு ஆபீஸ் பியூன் வந்து, எங்களிடம் அச்சுக்குக் கொடுத்திருந்த போர்டு நோட்டீசையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டான். பத்திரிகைக்குக் காகிதம் வாங்குவதே அந்த நோட்டீசை நம்பித்தான். எடிட்டர் என்மேல் எரிந்து விழுவார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நல்லதாப் போச்சு போ, நோட்டீஸ் போட்ட எடம் காலியாயிருச்சு. அடுத்த வாரம் ஓட்டுச் சேதியப் பெருசாப் போடு."

பெரிய மூளை

பெரிதாகவே போட்டோம். அதற்குப் பதில் அடுத்த மீட்டிங்கில் கிடைத்தது. கல்வி மெம்பர் எழுந்து, ஓட்டை மலைக்குக் கொண்டுபோக வழியில்லாததால், ஓடு இருக்கிற காரவள்ளியிலேயே கட்டிடம் கட்டி, குண்டனி நாட்டுப் பள்ளிக்கூடத்தை அங்கே மாற்றிவிடுவது என்று ஒரு தீர்மானம் படித்தார். அடுத்த மாதம் ஓவர்சியர் போய் அளவெடுப்பார். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

ஓடு கிடக்கட்டும், பள்ளிக்கூடமே போகப் போகிறது. அந்தப் பாதையில் தினம் காலையில் இறங்கி, சாயங்காலம் ஏறி, எந்தப் பிள்ளை படிக்கும்? அதையே கொஞ்சம் சூடாகக் கேட்டேன். கல்வி மெம்பருக்குக் கோபமே வரவில்லை. "ஓடு ஒரு எடம், பள்ளிக்கூடம் ஒரு எடம்னு உங்க பத்திரிகைதானே தம்பி குறை எழுதுச்சு? இப்ப ரெண்டையும் ஒரே எடத்துக்குக் கொண்டாந்துட்டோம், இதையும் எழுதுங்க."

சந்தைக் கூடை

எழுதினேன். அந்த வாரப் பத்திரிகை எப்படியோ மலை ஏறி, வாத்தியார் வகுப்பில் வாசிப்புப் பாடமாகிவிட்டது. பிள்ளைகள் அதை வீட்டுக்குப் போய் ஒப்பித்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

அடுத்த சந்தை நாளில் காரவள்ளிப் பக்கம் போயிருந்தேன். மலைச்சனம் மிளகும் பலாப்பழமும் விற்றுவிட்டு, கொஞ்சம் உப்பு, கொஞ்சம் கருவாடு என்று வாங்கிக்கொண்டு திரும்புகிற நேரம். பார்த்தால், ஒவ்வொருத்தரும் களத்தில் நின்று, ஆளுக்கு இரண்டு மூன்று ஓட்டைக் கூடையில் வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். களத்துக்காரரே நின்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் சிரிப்பு. பொன்னாயி என்று ஒரு அம்மாள்; அவள் மகள் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறாள். "இது போர்டுச் சொத்து அம்மா, கேசு கீசு என்று வந்தால்?" என்று பயமுறுத்திப் பார்த்தேன்.

"பள்ளிக்கூடம் இங்க வந்துட்டா என்ற புள்ளய எப்படிச் சாமி அனுப்பறது? அப்பறம் ஆடு மேய்க்கத்தான் போவா" என்றாள். பிறகு சும்மாட்டைச் சரி பண்ணிக்கொண்டு கூடையைத் தூக்கி வைத்தாள். "எறங்கறப்பப் பலாப்பழம் சொமந்து வாரேன். ஏறறப்பக் கூடை சும்மாத்தானுங்க கெடக்குது."

ஓடு திருட்டு

அளவெடுக்க வந்த ஓவர்சியர் களத்தில் சோளக்கதிர் காய்வதைத்தான் பார்த்தார். ஒரு ஓடு இல்லை. போர்டுச் சொத்து திருட்டுப் போய்விட்டது என்று போலீசுக்குப் போனார். ஒரு கான்ஸ்டபிளைக் கொடுத்தார்கள். திருட்டு விசாரணை என்றால் நிருபன் போகாமல் இருக்கலாமா? என் முழங்காலைத் திட்டிக்கொண்டே நானும் பின்னால் ஏறினேன். பாதி வழியில் ஓவர்சியரும் என்னைப் போலவே பாறை பாறையாக உட்கார ஆரம்பித்தார். அப்போதுதான் அவரை எனக்குக் கொஞ்சம் பிடித்தது.

திருட்டுச் சொத்து தூரத்திலேயே தெரிந்தது. பள்ளிக்கூடத்தின் தலையில் செக்கச்செவேலென்று உட்கார்ந்திருந்தது. ஊரார் கூரைச் சட்டங்களை மாற்றி, சுவரை எடுத்துக் கட்டி, ஓடு வேய்ந்து முடித்திருந்தார்கள். உள்ளே வாத்தியார் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார், எங்களைப் பார்க்காத மாதிரி. ஓவர்சியர் மூச்சு வாங்க, "இதெல்லாம் காரவள்ளிக் கட்டிடத்து ஓடு. அத்தனையும் இறக்கியாகணும்" என்றார். ஊர்க்கவுண்டர் வந்து கும்பிட்டார். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை. ஏணியைக் கொண்டுவந்து சாத்தச் சொன்னார். கான்ஸ்டபிள் ஏணியைப் பார்த்தார், பிறகு நாங்கள் ஏறிவந்த பாதையைப் பார்த்தார். ஊர்க்கவுண்டர் மெதுவாகக் கேட்டார். "தாராளமா எறக்கிக்குங்க. ஏனுங்க, கீழ கொண்டுபோறதுக்கு வண்டி வாடகை போர்டுல எழுதியிருக்காங்களா?"

கடைசித் தீர்மானம்

எழுதியிருக்கவில்லை. ஓவர்சியர் ஒரு சொம்பு மோர் குடித்துவிட்டு வெறுங்கையோடு இறங்கிப்போனார். அடுத்த மீட்டிங்குக்கு எடிட்டரும் கூட வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். காரவள்ளிக்கு மாற்றும் தீர்மானம் ரத்து என்று வாசித்தார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதோடு விட்டார்களா? குண்டனி நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு, முதல் தீர்மானத்தில் கண்டபடியே மாட்டு வண்டி மூலம் வாசல்வரை கொண்டுசேர்க்கப்பட்டது. வாடகைச் செலவு சரியே என்றும் வாசித்தார்கள்.

நான் பென்சிலைக் கூர் பார்த்தேன். எடிட்டர் என் தொடையைக் கிள்ளினார். "வண்டி போகலைன்னு எழுதினா, ஓடு எப்படிப் போச்சும்பான். திருட்டுக் கேசு திரும்ப வரும், ஓடு கீழ வரும். யோசிச்சுக்கோ" என்று காதோடு சொன்னார். யோசித்தேன். மழையும் அந்தப் பிள்ளைகள் மூலை மாறினதும் ஞாபகம் வந்தது. பென்சிலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன். வாசலில் கல்வி மெம்பர் என் தோளில் கையைப் போட்டார். "பாத்தியா தம்பி, வண்டி போகும்னு நான் அன்னிக்கே சொன்னேனில்ல?"

ஆக, போர்டு ரிக்கார்டுப்படி கொல்லிமலைக்கு ஒரு மாட்டு வண்டி ஏறியிருக்கிறது. பொன்னாயி மகள் சிலேட்டில் தண்ணீர் சொட்டாத வரைக்கும், அந்த மாடுகளைத் தேடிக்கொண்டு நான் போகப் போவதில்லை.