பச்சைப் பயறு அளவு விளக்கு

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நானும் கணவரும் தஞ்சோங் கிளிங் கடற்கரைச் சாலையில் சும்மா ஒரு சுற்று போய்க்கொண்டிருந்தோம். யாரோ குப்பை எரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு என் முழங்காலுக்கு மேலே வெள்ளையாக ஓர் இழை எழுந்தது. வண்டியை ஓரம் கட்டி, முன்மூடியைத் திறந்து, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றினேன். நிமிர்ந்து பார்த்தால் கணவர் சாலையின் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறார்.

"வெடிக்காது, வாங்க" என்றேன்.

"வெடிக்காதுன்னு காடி உன்கிட்ட சொல்லுச்சா?" என்றார், அங்கிருந்தே.

அந்தக் காருக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. உருண்டை விளக்குகளும் நான்கு கதவுகளும் உள்ள சின்ன ஜப்பான் கார், பாலாடை நிறம். சிம்பாங் அம்பாட்டில் ஒரு டுரியான் தோப்புக்காரரின் கொட்டகையில் தூசி படிந்து நின்றதைப் பார்த்ததும் பிடித்துப்போய் வாங்கினேன். வேலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போகிறேன். ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவைக் கவனித்துக்கொள்வது என் வேலை. வாரம் முழுக்க விரிப்புகளும் துண்டுகளும் இயந்திரங்களின் இரைச்சலும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கார். சிலர் மீன் பிடிக்கப் போவார்கள், நான் இதை எடுத்துக்கொண்டு கிளம்புவேன்.

இழுவை வண்டி பிடித்துக் காரை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மறுநாள் எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் இருக்கும் கார் பட்டறையிலிருந்து ஃபோர்மேன் வந்தார். டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு டார்ச்சை அணைத்துவிட்டு எழுந்தார்.

"அக்கா, இது வயர் இல்ல. மீ கோரெங். நான் கை வைக்கலலா." வறுத்த நூடுல்ஸ்போல் சிக்கிக் கிடக்கிறதாம்.

"அப்ப யார் கை வைப்பா?"

"நேரம் இருக்கறவங்க யாராச்சும் வைக்கணும்."

நேரம் எனக்குத்தான் இருந்தது. ஹோட்டலில் துணி உலர்த்தும் இயந்திரம் நின்றுபோனால், பராமரிப்பு ஆட்கள் வருவதற்குள் நானே பின்பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்துப் பழகியிருக்கிறேன். மீதியை இணையத்தில் யார் யாரோ போட்ட வீடியோக்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு காலையில் வண்டியை வீட்டு முன்கூரைக்குக் கீழே நிறுத்தி, டேஷ்போர்டைக் கழற்ற ஆரம்பித்தேன். பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் கணவருக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். நான் ஒவ்வொரு வயரையும் இழுத்து, எங்கே போகிறது என்று சொல்லச் சொல்ல, அவர் வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டினார். அவருக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. "ஹாரன்" என்று எழுதுவதைக்கூடக் கோயில் அழைப்பிதழில் எழுதுவதுபோல் எழுதினார்.

டேஷ்போர்டு கழன்று வந்தது. அத்தனை வயர்களை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கேசட் பிளேயருக்கு ஒரு கற்றை. திருட்டு அலாரத்துக்கு ஒன்று, அலாரத்தையே காணோம். சாமி படத்துக்கு மேலே எரிந்த குட்டி விளக்குக்கு, மின்விசிறிக்கு, காலடியில் நீல வெளிச்சம் போடுவதற்கு என்று ஆளாளுக்கு அவரவர் ஆசையை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒரு வயரைப் பாதியில் வெட்டி இன்னொன்றை முறுக்கிவிட்டு, மேலே டேப் சுற்றியிருந்தார்கள். அந்த டேப் வெயிலில் உருகிக் கையில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டியது. புகைந்தது கேசட் பிளேயர் வயர். ஸ்டீயரிங்கைத் தாங்கும் இரும்பில் உரசி உரசித் தோல் போயிருந்தது.

வேண்டாததையெல்லாம் ஒவ்வொன்றாக உருவி எடுத்தேன். சலவைக் கூடை ஒன்று அதில் நிறைந்துபோனது. எல்லாம் போன பிறகு, அடியில், வண்டியோடு பிறந்த கற்றை தெரிந்தது. கறுப்புத் துணி டேப் சுற்றி அமைதியாகக் கிடந்தது. ஓர் இடத்தில் டேப்பைப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே நீலம், மஞ்சள், சிவப்பில் வெள்ளைக்கோடு, பச்சையில் கறுப்புக்கோடு. நேற்றுத்தான் கடையிலிருந்து வாங்கியதுபோல் இருந்தன. இத்தனை வருடமும் வெளிச்சமே படாத நிறங்கள். எந்த வயர் எங்கே பிரிய வேண்டுமோ சரியாக அங்கே பிரிந்து, தேவைக்கு மேல் ஒரு விரல் நீளம்கூட மிஞ்சாமல் தன் விளக்கையோ பொத்தானையோ போய்ச் சேர்ந்தது. எங்கோ ஒரு ஊரில் யாரோ உட்கார்ந்து இதைக் கட்டியிருக்கிறார்கள். மூடிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று தெரிந்தே இவ்வளவு நேர்த்தியாகக் கட்டியிருக்கிறார்கள். நான் சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"என்னம்மா, கெட்டுப்போச்சா?" என்றார் கணவர் பயந்துபோய்.

"இல்லங்க. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

கேசட் பிளேயர் மறைத்திருந்த இடத்தைத் துடைத்தபோதுதான் ஒரு சின்ன விளக்கு கண்ணில் பட்டது. கடிகாரத்துக்குப் பக்கத்தில், ஓட்டுபவரின் கண்ணுக்கு நேராக, பச்சைப் பயறு அளவில் ஒரு கண்ணாடி. அதன் பின்னாலிருந்து இரண்டு மெல்லிய வயர்கள் கிளம்பின. அவை நிச்சயமாகத் தொழிற்சாலை போட்டவை அல்ல, நிறம் வேறு. ஆனால் மற்றவர்கள் செய்த அலங்கோலத்தோடும் அவற்றைச் சேர்க்க முடியாது. முறுக்கி ஒட்டவில்லை; ஒவ்வொரு இணைப்பிலும் ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தது. ஈயம் பாதரசத் துளிபோல் வழுவழுவென்று இருந்தது. மூலக் கற்றையோடு ஒட்டினாற்போல் ஓடி, மெழுகு தடவிய நூலால் சீரான இடைவெளியில் முடிச்சுப் போடப்பட்டு, கதவோரமாகத் தரைவிரிப்புக்குக் கீழே இறங்கிப் பின்னால் போயின.

அவற்றைத் தொடர்ந்து ஊர்ந்துபோனேன். பின் இருக்கையின் இடப்பக்கக் கதவில், கை வைக்கும் இடத்துக்குக் கீழே, வீட்டு அழைப்புமணியில் இருப்பது போன்ற ஒரு பொத்தான். வண்டியின் பாலாடை நிறத்திலேயே வண்ணம் பூசியிருந்ததால் இத்தனை மாதமும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

பேட்டரியை மாட்டினேன். கணவரைப் பின்னால் உட்காரவைத்து அமுக்கச் சொன்னேன். பச்சை விளக்கு எரிந்தது. கையை எடுத்தார், அணைந்தது. அத்தனை பேர் வெட்டியும் ஒட்டியும் இழுத்தும், இந்த இரண்டு வயர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை.

"மணின்னா புரியுது" என்றார் கணவர். "சத்தமே வராத மணி எதுக்கு?"

எனக்கும் விளங்கவில்லை. வண்டியை விற்ற தோப்புக்காரருக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, பின் சீட்டுல ஒரு பொத்தான் இருக்கே, அது என்னண்ணே?"

"ஓ, அதுவா? அது எங்க அண்ணி வேலை" என்று சிரித்தார். "காடி எங்க அண்ணனோடதும்மா. அவருக்குக் காது கேக்காது. தோட்டத்து ரப்பர் ஆலையில இஞ்சின் பக்கத்துலயே நின்னு நின்னு போயிருச்சு. அண்ணன் தவறின பிறகு அண்ணி காடிய எனக்குக் கொடுத்துட்டாங்க. அந்த கேசட்டு, நீல லைட்டு எல்லாம் என் பையன் போட்டது. திட்டாத."

"அண்ணியா வயர் போட்டாங்க?"

"பின்ன? அவங்க எலக்ட்ரானிக்ஸ் பாக்டரியில வேலை செஞ்சவங்கலா. கல்யாணத்துக்கு முன்ன இருந்தே."

அந்த அண்ணி சிம்பாங் அம்பாட்டில்தான், மகன் வீட்டில் இருக்கிறார் என்று சொன்னார். பிரித்த இடங்களில் நானும் மெழுகு தடவிய நூலாலேயே முடிச்சுப் போட்டு வேலையை முடித்து, டேஷ்போர்டைத் திரும்ப மாட்டி, எல்லா விளக்கும் எரிகிறதா என்று சரிபார்த்த பிறகு ஒரு ஞாயிறு காலை அந்தக் காரிலேயே போனோம்.

வாசல் கேட்டைத் திறந்தவர் அறுபதைத் தாண்டிய, ஒல்லியான, நிமிர்ந்த அம்மா. எங்களைப் பார்ப்பதற்கு முன் காரைத்தான் பார்த்தார். நேராகப் போய்ப் பின்கதவைத் திறந்தார். குனிந்து, பொத்தானை விரலால் தடவினார்.

"வேலை செய்யுதா?" என்பதுதான் எங்களிடம் அவர் கேட்ட முதல் கேள்வி.

"செய்யுதுக்கா. மத்ததெல்லாம் பிடுங்கிட்டேன். இத மட்டும் தொடல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீயா பிடுங்கின?"

"நான்தான்."

உள்ளே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, என் கைப்பேசி வெளிச்சத்தில் டேஷ்போர்டுக்கு அடியில் வெகுநேரம் பார்த்தார். பரீட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்பதுபோல் நின்றேன்.

"சுத்தமா இருக்கு தங்கச்சி" என்றார் கடைசியில். "நூல் எங்க வாங்கின?"

"செருப்புத் தைக்கிற நூலுக்கா. மெழுகு நானே தேச்சேன்."

"நானும் அதேதான்" என்றார்.

கோப்பி வந்தது. குடித்துக்கொண்டே சொன்னார். கார் வாங்கிய புதுசில் அவர் முன் இருக்கையில்தான் உட்காருவாராம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கணவரின் தோளைத் தட்டினால் போதும். பிள்ளைகள் பிறந்த பிறகு அவர்களைப் பிடித்துக்கொள்ளப் பின்னால் உட்கார வேண்டியதாகிவிட்டது. ஒருநாள் பின்னால் லாரி விடாமல் ஹாரன் அடிக்கிறது. கணவருக்குக் கேட்கவில்லை. இவர் கத்துகிறார், மடியில் பிள்ளைகள், கை எட்டவில்லை. லாரி உரசிக்கொண்டு போனது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"மறுநாள் பாக்டரியில சும்மா சின்னச் சின்ன விளக்குக்கு ஈயம் பத்த வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். யார் வீட்டுக்குப் போகுதோ தெரியாது. நம்ம காடிக்கு ஒண்ணு வெச்சா என்னன்னு தோணுச்சு. விளக்கையும் வயரையும் பட்டணத்துக் கடையில வாங்கிக்கிட்டேன். வேலை மட்டும் என்னோடது."

"ஒரே விளக்கு. எப்படிக்கா அவருக்குப் புரியும்?" என்று கேட்டேன்.

"ஒரு தடவை அமுக்கினா, பின்னால வண்டி வருது. விடாம அமுக்கினா, நிறுத்து. ரெண்டு தடவைன்னா பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருது." சிரித்தார். பிறகு கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு, "படபடன்னு அமுக்கினா ஒண்ணுமில்ல" என்றார்.

"ஒண்ணுமில்லன்னா?"

"சும்மா. பின்னாலதான் இருக்கேன்னு. அவரும் திரும்பாமலே ஒரு கைய தூக்கிக் காட்டுவாரு."

என் கணவர் கோப்பியைக் கீழே வைத்துவிட்டார். கேட்க முடியாத ஒருவரும் எட்ட முடியாத ஒருவரும் வருடக்கணக்காக இந்தச் சாலைகளில் பேசிக்கொண்டே போயிருக்கிறார்கள். அந்தப் பேச்சு முழுவதும் ஓடியது, நான் விரல் நுனியில் பிடித்துப் பார்த்த, தலைமுடியைவிடக் கொஞ்சமே தடித்த அந்தச் செம்பு இழைகளுக்குள்.

ஒரு சுற்று போகலாமா என்று கேட்டேன். மறுப்பார் என்று நினைத்தேன். அதற்குள் செருப்பை மாட்டிவிட்டார். பின்னால் இடப்பக்கம் உட்கார்ந்தார். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அலோர் காஜா பக்கம் கொஞ்ச தூரம் போனோம். நடுவில் பச்சை விளக்கு ஒருமுறை எரிந்தது. கண்ணாடியில் பார்த்தால், பின்னால் ஒரு லாரி வருகிறது. ஒதுங்கி வழிவிட்டேன். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். லாரி ஹாரனும் அடிக்கவில்லை. இருந்தாலும் அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது கை தானாக ஸ்டீயரிங்கைத் திருப்பியது. வீடு திரும்பி இறங்கும்போது அவர், "அந்தக் கதவோரத்துல ஒரு ரப்பர் வளையம் போட்டுடு, இல்லாட்டி உரசும்" என்றார். அந்த வாரமே போட்டேன்.

போன மாதம் அவரிடமிருந்து போன்.

"தங்கச்சி, என் மகன் காடிக்குப் பின்பக்கம் கேமரா வாங்கி வெச்சிருக்கான். கடையில கொடுத்தா வயர வெட்டிக் கந்தலாக்கிடுவானுங்க. நீ வர்றியா? ரெண்டு பேருமா போட்டுடலாம்."

"அக்கா, அது புது மாடல் காடி. எனக்குப் பழசுதானே தெரியும்."

"எனக்கும் தெரியாது. திறந்து பாப்போம்லா."

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். அவர் மகன் வாசலில் நின்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் தலையை உள்ளே விட்டு, முதல் திருகாணி எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தோம்.