அரைக் கமரா

எங்களைப் பெற்ற ஐயா கப்பலில் வேலை செய்த காலத்தில், ஏதோ ஒரு துறைமுகத்தில் வாங்கி வந்த கமரா அது. ஒரு படத்துக்குரிய பிலிமில் இரண்டு படம் எடுக்கும். முப்பத்தாறு போட்டால் எழுபத்திரண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான கொழும்புத்துறையில் அதை அரைக் கமரா என்று நக்கலடிக்காத ஆளில்லை. பிறகு சண்டை வந்து, யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வருவது நின்றது. பிலிம் கண்ணில் காண்பதே அருமை என்றானது. நக்கலடித்தவர்களின் பெரிய கமராக்கள் அலுமாரிக்குள் படுத்துவிட்டன. எங்களுடையதற்குப் பற்றரியே வேண்டாம். லென்சைச் சுற்றித் தேன்கூடு மாதிரி ஒரு கண்ணாடி வளையம்; அதில் வெளிச்சம் பட்டால் போதும். எனக்கிருந்த பெருமை சொல்லி மாளாது.

அக்கா வயிற்றில் பிள்ளையோடு இருந்தபோதே அத்தான் சுவிசுக்குப் போய்விட்டார். பிள்ளைக்கு ஒரு வயதாகப் போகிறது, மகளின் முகத்தை மனிதர் இன்னும் காணவில்லை. அவருக்கு அனுப்பத்தான் இந்தப் படம். கமராவில் மிஞ்சியிருந்தது ஒருசில படங்களுக்கான பிலிம்தான். ஊரில் அதைக் கழுவ மருந்தும் இல்லை. அடுத்த நாள் கொழும்புக்குப் போகிற மாமியிடம் கொடுத்துவிட வேண்டும்.

"பிள்ளையை மட்டும் எடு," என்றாள் அக்கா. "என்னை எடுக்கப்படாது. நான் இருக்கிற கோலத்துக்கு அந்த மனிசன் உது ஆரெண்டு கேக்கும்."

இளைத்துக் கறுத்துத்தான் போயிருந்தாள். ஆனாலும் அவள் வாயால் அதைக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பிள்ளையை விறாந்தையில் இருத்தினோம். மற்றக் கமராக்களில் கண் வைத்துப் பார்க்கிற சன்னல் அகலமாகக் கிடக்கும். இதில் கதவு மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஒரு ஆளுக்கு அளவான சன்னல். பிள்ளையை அதற்குள் பிடித்து, பொத்தானை அமத்தினேன். ஷட்டர் அசையவில்லை. சன்னலுக்குள் கீழிருந்து ஒரு சிவப்புத் தகடு எழும்பியது. வெளிச்சம் காணாவிட்டால் இந்தக் கமரா அப்படித்தான், சிவப்பைக் காட்டி ஷட்டரைப் பூட்டிவிடும். பிலிமை வீணாக்க விடாது.

"நாக்கை நீட்டுது அக்கா," என்றேன்.

அக்கா ஓடி வந்து சீலைத் தலைப்பால் பிள்ளையின் வாயைத் துடைத்தாள்.

"பிள்ளையின்ரை இல்லை, கமராவின்ரை நாக்கு."

"ஏன், அதுக்கும் பல்லு முளைக்குதோ?" என்றுவிட்டு அவளே சிரிக்கத் தொடங்கினாள்.

முற்றத்து வெயிலுக்குப் போனோம். இந்த முறை சிவப்பு வரவில்லை. 'டிக்' என்று மெல்லிய சத்தம், பிள்ளை படத்தில் விழுந்துவிட்டாள். அக்கா இன்னும் சிரிப்பை அடக்க மாட்டாமல் பக்கத்தில் நின்றாள். அப்படி அவள் சிரித்து எவ்வளவு காலம். பெருவிரலால் பின்பக்கச் சில்லைச் சுற்றிப் பிலிமை நகர்த்தினேன், அவளைச் சன்னலுக்குள் பிடித்தேன், அமத்தினேன்.

"எடியே, என்னை எடுத்தனியோ?"

"எங்கை அக்கா, பேந்தும் நாக்கை நீட்டிப்போட்டுது."

உச்சி வெயிலில் நின்று சொன்ன பொய். நம்பிவிட்டாள்.

மாமி திரும்பி வந்தபோது படங்களும் வந்தன. கொழும்பு ஸ்ரூடியோக்காரருக்கு அரைக் கமரா பழக்கமில்லைப் போலும், இரண்டிரண்டு படங்களாக ஒரே தாளில் அடித்திருந்தார்கள். நடுவில் மெல்லிய கறுப்புக் கோடு. கடைசித் தாளில் இடப்பக்கம் பிள்ளை, வலப்பக்கம் வாய் நிறையச் சிரிப்போடு அக்கா.

"கள்ளி," என்று என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

"வெட்டாதையுங்கோ அக்கா."

அவள் கேட்கவில்லை. கத்தரிக்கோலைக் கோட்டின் மேல் வைத்தவள், அப்படியே நின்றாள். படத்தில் பிள்ளை வலப்பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் பார்த்தது வேலியில் வந்து குந்திய காகத்தை. தாளில் பார்த்தால் தாயைப் பார்க்கிறாள். கோட்டில் வெட்டினால் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் ஒன்றும் இராது.

"இவள் என்னையெல்லோடி பாக்கிறாள்," என்றாள் அக்கா.

"ஓம் அக்கா," என்றேன்.

கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப ரெண்டு பேருமாப் போவம்," என்றாள். "மனிசன் பாக்கட்டும்."