கடைசிப் படத்துக்கு முன்னால் இருந்த இருட்டு

பிள்ளைகளா, அம்மா குவைத்துக்கு வேலைக்குப் போயிருந்த அந்தக் காலத்தில் நம்ம வீட்டுக்கு வெள்ளிக்கிழமைதான் நாள். அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் அன்று பகல் வெளியே போவார்கள். அப்போதுதான் அவள் கைக்குப் போன் வரும். கார் திரும்பி வந்துவிட்டால் போன் மறுபடி அலுமாரிக்குள்.

மகளே, நீ ஸ்கூல் வாணி விழாவில் ஆடினாய். "நேரில பார்க்கக் குடுத்து வைக்கல, வீடியோவாவது ஒழுங்கா அனுப்புங்க" என்று அம்மா சொல்லியிருந்தாள். போனில் துண்டு துண்டாக எடுத்ததை, கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் வாங்கிய பழைய லெப்டொப்பில் ஒட்ட உட்கார்ந்தேன். எனக்குப் படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. தெரிந்தது மேசன் வேலை.

சுவர் கட்டும்போது இரண்டு முனையிலும் முதலில் கல் வைப்போம். நூல் இழுத்துக் கட்டி, பிறகு நடுவை நிரப்புவோம். இதையும் அப்படித்தான் செய்தேன். டைம்லைன் என்கிற அந்த நீளப் பட்டையின் தொடக்கத்தில் சரஸ்வதி படம். வெகுதூரம் தள்ளி, முடிவில் குத்துவிளக்குப் படம். நடுவில் உன் ஆட்டத்தை அடுக்கினேன். துண்டுகள் பாதி தூரத்திலேயே முடிந்துவிட்டன. விளக்கு திரைக்கு வெளியே எங்கேயோ இருந்தது. அதை மறந்தே போனேன்.

ஓட்டிப் பார்த்தால் விக்கி விக்கிப் போனது. தாளம் முன்னால் போக, உன் கால் பின்னால் வந்தது. ஆட்டம் முடிந்து திரை கறுத்ததும் லெப்டொப்தான் மறுபடி சிக்கி நின்றுவிட்டது என்று நினைத்தேன். முடிவுவரை பார்க்காமலே அனுப்பிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மா பேசினாள். குரலே சரியில்லை.

"புள்ள ஆடுறா, பிறகு ஒரே இருட்டுங்க. இப்ப வரும், இப்ப வரும்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். கடைசியில ஒரு விளக்கு மட்டும் வந்துச்சு. ஐயோ, கார் சத்தம் கேக்குது."

அவ்வளவுதான். போனுக்காக வரிசையில் நின்ற நீங்கள் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தீர்கள்.

அந்தக் கிழமை முழுக்க, கண்டியில் மதில் கட்டுகிற இடத்திலும் எனக்கு அந்த இருட்டுதான். வீடு வந்ததும் லெப்டொப். நீளம் கூடிவிட்டது, அதுதான் கோளாறு என்று நினைத்து உன் ஆட்டத்தை வெட்டினேன். கீழே காட்டும் மொத்த நீளம் அசையவில்லை. இன்னும் வெட்டினேன். அப்போதும் அதே நீளம். போனில் இடமில்லை என்று அங்கே எடுத்த துண்டுகளை முன்பே அழித்திருந்தேன்.

வியாழக்கிழமை, மகளே, நீ வந்து எட்டிப் பார்த்தாய்.

"அப்பா, என் ஆட்டம் எங்க? தொடக்கத்துல கும்பிட்டதும் முடியுது!"

"வெட்டிட்டேம்மா. எல்லாம் போச்சு."

நீ அந்தப் பட்டையைச் சுருக்கினாய். தூரத்தில் விளக்கு மட்டும் தனியாக நின்றது.

"இது நிக்கிற வரைக்கும் நீளம் குறையாதுப்பா. நடுவுல வெத்து இடம். கல்லு வச்சு நூல் புடிக்க இது என்ன சுவரா?"

துண்டின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாய். வெட்டின ஆட்டம் உள்ளேயிருந்து நீண்டு வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. விளக்கைக் கிட்டே இழுத்து ஒட்டினாய். ஓட்டிப் பார்க்கும் படத்தின் தரத்தைக் குறைத்ததும் விக்கலும் நின்றது. இந்தத் தடவை முடிவுவரை பார்த்தோம்.

வெள்ளிக்கிழமை அம்மா பார்த்துவிட்டுக் கேட்டாள்: "முடிஞ்சிருச்சா? இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"சரி, மிச்ச நேரத்துக்குப் புள்ளைகளக் குடுங்க" என்றாள்.

முதலில் நீ பேசினாய். பிறகு தம்பி பிடுங்கிக்கொண்டான். விழுந்த பல்லை எங்கே வைத்திருக்கிறான் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தபோது அங்கே கார் வந்துவிட்டது.