ஐந்துக்கு அப்புறம் ஒரு 'ம்'

அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜைக்காரரைக் 'கமா' என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பெயர் வந்த வாரம் முழுக்க நான் கூடவே இருந்து பார்த்தேன்.

கமாவின் மனைவிக்கு ஒரு தம்பி. கண் தெரியாது, வாய் மட்டும் ரெண்டு ஆளுக்கானது. கமா அவரை மச்சான் என்பார், அதனால் எனக்கும் மச்சான். ஒரு டாக்சி கம்பெனியில் போன் எடுக்கிற வேலை. ஒரு வாரம் பார்க்கிறேன், தேறினால் வைத்துக்கொள்கிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தார். அழைப்பு வந்ததும் கம்ப்யூட்டர் அந்த எண்ணைத் தரவுத்தளத்தில் தேடி, பேர், முகவரி, போன் நம்பர் மூன்றையும் மச்சான் காதில் வாசிக்க வேண்டும். அவர் அதை டிரைவருக்குச் சொல்ல வேண்டும். வாசிக்கிற புரோகிராமை நானே எழுதித் தருகிறேன் என்று வீட்டில் வாயைக் கொடுத்தவர் கமா.

"தம்பிக்கு இந்த வேலை போச்சுன்னா நீங்க கம்ப்யூட்டர் கூடவே குடும்பம் நடத்திக்கலாம்" என்று மச்சானின் அக்கா சொல்லிவிட்டாராம்.

முதல் சோதனையில் குரல் பேரையும் முகவரியையும் தேனாகச் சொன்னது. போன் நம்பருக்கு வந்ததும், "தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு கோடியே முப்பத்தைந்து லட்சத்து..." என்று ஆரம்பித்தது.

மச்சான் ஹெட்போனைக் கழற்றினார். "மாமா, இது போன் நம்பரா, பட்ஜெட்டா?"

மறுநாள் கமா ஒவ்வொரு இலக்கத்துக்கும் பின்னால் ஒரு முற்றுப்புள்ளி வைத்தார். ஒன்பது. எட்டு. நான்கு.

"ஏன் மாமா மிரட்டுது? நான் என்ன தப்பு பண்ணேன்?"

மனுஷங்க எப்படித்தான் சொல்கிறார்கள் என்று தெருவில் இறங்கிவிட்டார் கமா. பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மாவிடம், "உங்க போன் நம்பர் சொல்லுங்க. நம்பர் வேண்டாம், சொல்ற விதம்தான் வேணும்" என்றார்.

"எந்த விதத்துல சொன்னாலும் என் வீட்டுக்காரர்தான் எடுப்பார்" என்றார் அந்த அம்மா.

நான் யாரோ மாதிரி பேருந்து அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ஜெராக்ஸ் கடையில்தான் விடை கிடைத்தது. கடைக்காரர் போனில் யாருக்கோ தன் நம்பரைச் சொன்னார். ஐந்து இலக்கம் சொல்லி நிறுத்தினார். எதிர்முனையில் 'ம்' என்று வந்த பிறகே மிச்சத்தைச் சொன்னார்.

"பார்த்தியா? அந்த நிறுத்தம்தான்டா விஷயம்!" கமா என் தோளை உலுக்கினார். கவிதையில் வரி உடைகிற இடமும் இப்படித்தான் என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

அன்று மாலையே வீட்டில் உட்கார்ந்து எல்லா நம்பருக்கும் நடுவில் ஒரு கமா போட்டார். குரல் ஐந்து இலக்கம் சொல்லி நின்றது. மச்சான் தன்னை அறியாமல் "ம்" என்றார். குரல் மிச்சத்தைச் சொன்னது. அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருடா வந்திருக்கா?" என்றார்.

கடைசி நாள் டாக்சி ஆபீஸில் முதலாளி மச்சான் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். கமா தைரியத்துக்கு என்னையும் இழுத்து வந்திருந்தார், என்னிடம் என்ன தைரியத்தைக் கண்டாரோ. முதல் அழைப்பு. "புதிய வாடிக்கையாளர்" என்றது குரல். இரண்டாவதும் புதியவர். மூன்றாவது ஆள், "தினமும் கூப்பிடறேன், என்னையே யாருன்னு கேட்கறியா?" என்று கத்தினார். நான்காவது, ஒரு பெண் குரல்.

"வணக்கம்மா. முதல் தடவையா கூப்பிடறீங்க போல. உங்க பேர் என்னம்மா?"

"நான் உங்க முதலாளியோட வீட்டுக்காரி" என்று சொல்லி லைனைத் துண்டித்தார்.

முதலாளி எழுந்தார். கமாவுக்கு முகம் வெளுத்தது. "கமாவைச் சேமிச்சு வச்ச நம்பர்லயே போட்டுட்டேன்டா" என்றார் என் காதில், முதலாளிக்கும் கேட்கிற மாதிரி. அழைக்கிற எண் கமா இல்லாமல் வருகிறது. உள்ளே இருப்பது கமாவோடு. ரெண்டும் வேற வேற ஆள் என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டிவிட்டது.

"என் வாடிக்கையாளர் அத்தனை பேரையும் ஒரே கமாவுல தொலைச்சிட்டீங்களே!"

கமா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். சேமித்த எண்களிலிருந்து கமாவை எடுத்துவிட்டு, குரலுக்குப் போகும் நகலில் மட்டும் கமா விழும்படி மாற்றினார். முதலாளி திட்டி முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவு நீளத் திட்டு.

போன் மறுபடி அடித்தது. பக்கத்தில் நின்ற எனக்கே ஹெட்போன் குரல் கேட்டது. "முதலாளி வீடு." முகவரி. ஐந்து இலக்கம்.

"ம்" என்றார் மச்சான். மிச்சம் ஐந்தும் வந்தது.

"யாருக்குய்யா 'ம்' கொட்டறே?"

"அது சொல்லுது சார், நான் கேட்டுக்கறேன். அம்மா லைன்ல இருக்காங்க, உங்களைக் கூப்பிடறாங்க" என்று ஸ்பீக்கரில் போட்டார்.

"அந்தப் புது ஆளை அனுப்பிடாதீங்க. இத்தனை வருஷத்துல உங்க ஆபீஸ்ல என் பேரைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். நானும் பதில் சொல்லாம வச்சிட்டேன். அங்க என்னை என்னன்னு எழுதி வச்சிருக்கீங்க?"

முதலாளி திரையைப் பார்த்தார். 'முதலாளி வீடு' என்று இருந்தது.

"என்ன, அவர் இருக்கட்டும்தானே?"

மச்சான் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"ம்" என்றார் முதலாளி.