ஹாரன் அடிக்காத வேன்

நனைந்த விரிப்பை நீளவாக்கில் சுருட்டிப் பெரியவரின் முதுகோரமாகத் தள்ளினாள் கட்டுக்காரம்மா. அதை ஒட்டிப் புது விரிப்பில் பாதியைச் சுருட்டி வைத்தாள். பிறகு அவர் தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து, "இந்தப் பக்கம் வாங்க ஐயா, சின்ன மேடு, ஏறி இறங்கிடலாம்" என்று உருட்டினாள். பழையது அந்தப் பக்கமாக வெளியே வந்தது, புதியது விரிந்தது. ஆளை இழுக்கவில்லை. இழுத்தால் தோல் உரியும். வால் எலும்புக்கு மேல் சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தாள். வெளுத்து, மறுபடி சிவந்தது. இன்னும் புண்ணாகவில்லை. அழுத்தியும் வெளுக்காமல் நின்றால்தான் கவலை.

"ராத்திரி ஒருக்களிச்சுப் படுக்க வைக்கச் சொன்னேனே" என்றாள் பெரியவரின் மருமகளிடம்.

"வெச்சேன். அவரே மல்லாந்துட்டார்."

"முதுகுக்குத் தலையணை கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன். காலையில பாத்தா கீழ கிடக்குது."

"தலையணைக்குக் கால் முளைச்சுதாக்கும்."

மருமகள் வேறு பக்கம் பார்த்தாள். அப்போதுதான் பையிலிருந்த போன் அடித்தது. கையுறையோடு எடுக்க முடியாது. அடித்து ஓய்ந்தது, மீண்டும் அடித்தது. கையுறையைக் கழற்றி, கை கழுவி, எடுத்தாள். நாத்தனாரின் எண். பேசியதோ யாரோ ஓர் ஆண்.

"இந்த போன் வெச்சிருந்த அம்மா சைக்கிள்ல அடிபட்டுட்டாங்க. நீங்க யாரு, சொந்தமா? காது கேக்காதவங்களாமே, பாவம்."

கட்டுக்காரம்மா எந்த ஆஸ்பத்திரி என்று மட்டும் கேட்டாள். நாத்தனாருக்குக் காது நன்றாகவே கேட்கும். பக்கத்து வீட்டில் பாத்திரம் விழுந்தால் எந்தப் பாத்திரம் என்று சொல்லக்கூடிய காது அது. காது கேட்காது என்று சொன்னது சைக்கிளின் பின்னால் கட்டியிருந்த பலகை. சைக்கிளும் பலகையும் கட்டுக்காரம்மாவுடையவை.

அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒரு வருஷம் முறையாகப் படித்து, இருபத்திரண்டு வருஷமாகப் படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. குளிப்பாட்டுவாள், புரட்டிப் போடுவாள், புண்ணுக்குக் கட்டு மாற்றுவாள். அதனால்தான் தெருவில் அந்தப் பேர். ஒரு நாளைக்கு ஆறு வீடுகள். முதல் வீடு மட்டும் நடக்கிற தூரம். மற்ற ஐந்தும் ஊரின் ஐந்து மூலையில், பஸ் போகாத சந்துகளுக்குள் இருந்தன. அவள் பத்து நிமிஷம் பிந்தினால் யாரோ ஒருவர் பத்து நிமிஷம் கூடுதலாக ஈரத்தில் கிடப்பார். அதற்காகத்தான் சைக்கிள்.

சைக்கிள் ஓட்டுகிறவளை ரோட்டில் யாரும் மனுஷியாக எண்ணுவதில்லை. கார்க்காரர் கதவைச் சடாரென்று திறப்பார், திறந்த பிறகு பார்ப்பார். பஸ் ஓரம் கட்டும்போது அவளையும் சேர்த்தே ஓரம் கட்டும். ஒருமுறை மோட்டார் பைக்கில் போன ஒருவன் சும்மா அவள் முதுகில் தட்டிவிட்டுப் போனான். பின்னால் இருந்தவன் சிரித்தான். எல்லாவற்றையும்விடக் கெட்டது ஹாரன். வழி இருக்கும், ஆளும் ஓரத்தில்தான் போவாள், ஆனாலும் முதுகுக்குப் பின்னால் வந்து அலறவிடுவார்கள். பதறுவதைப் பார்ப்பதில் ஒரு சந்தோஷம்.

முதலில் கேட்டுப் பார்த்தாள். சிக்னலில் நின்ற ஒரு காரின் கண்ணாடியைத் தட்டி, "இவ்வளவு ஒட்டி வரலாமா சார்?" என்றாள்.

"உன்னை யாரு ரோட்டுக்கு வரச் சொன்னா? வீட்டுல கிட."

"வீட்டுல கிடக்கறவங்களைப் பாக்கத்தான் போறேன். யாரோ பெத்தவங்க. உங்களைப் பெத்தவங்க கிடந்தாலும் இதே சைக்கிள்லதான் வருவேன்."

அந்த ஆள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டான். பச்சை விழுந்ததும் ஹாரன் அடித்தான்.

பிறகு கேரியரில் குறுக்காக ஒரு குச்சி கட்டி, நுனியில் சிவப்புத் துணி சுற்றினாள். நாலாம் நாள் ஒரு வேன் அதை முறித்துக்கொண்டு போயிற்று. விசில் வாங்கினாள். மூச்சு வாங்கியதுதான் மிச்சம். மழை பெய்த ஒரு காலையில், லாரி ஒன்று முதுகுக்குப் பின்னால் ஏர் ஹாரனை அலறவிட, சைக்கிளோடு சாக்கடையில் விழுந்தாள். முழங்கை சிராய்ந்தது, அது ஒன்றுமில்லை. பஞ்சும் கட்டுத்துணியும் வைத்திருந்த டப்பா திறந்து எல்லாம் சேற்றில் போயிற்று. அன்றைக்குக் குதிகாலில் புண்ணோடு இருந்த அம்மாவுக்குச் சாயங்காலம்தான் கட்டு மாற்ற முடிந்தது.

வீட்டில் முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நாத்தனார் சொன்னாள், "காது கேக்காதுன்னு எழுதி மாட்டிக்கோங்க அண்ணி. அப்புறம் அவனுங்க ஹாரன் எல்லாம் செவிடன் காதுல ஊதின சங்குதான்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். கட்டுக்காரம்மாவின் கணவர் பெயர்ப்பலகை எழுதும் கடையில் வேலை செய்பவர். மறுநாள் வீணாய்ப் போன தகரத் துண்டில் மஞ்சள் அடித்து, கறுப்பில், 'இவருக்குக் காது கேட்காது' என்று எழுதி வந்துவிட்டார். எழுத்து முத்து முத்தாக இருந்தது. மூவரும் சிரித்தார்கள். பொய் என்று யாருக்கும் தோன்றவில்லை, கொசுவலை மாதிரி ஒரு தற்காப்பு என்றுதான் எண்ணினார்கள்.

பலகை வேலை செய்தது. ஹாரன் நின்றது. வண்டிகள் விலகிப் போயின. ரொட்டிக் கம்பெனி வேன் ஒன்று தினமும் அதே ரோட்டில் வரும். அதன் டிரைவர் அவளைப் பார்த்தால் வேகத்தைக் குறைப்பான், நல்ல இடம் பார்த்துத் தாண்டுவான், தாண்டும்போது கையைத் தூக்குவான். இவளும் தலையசைப்பாள். ஐந்து மாதம் இப்படிப் போயிற்று.

தொல்லையும் இல்லாமல் இல்லை. சிக்னலில் இரண்டு பேர் அவளை வைத்துக்கொண்டே பேசினார்கள்.

"செவிடாம்டா."

"புருஷன் கொடுத்து வெச்சவன். என்ன வேணா திட்டலாம்."

"நீ வேற. அவங்க திட்டுவாங்க, இவன் கேக்கணும்."

கல் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். இன்னொரு நாள் பையிலிருந்து கட்டுத்துணிப் பொட்டலம் விழுந்து, "அம்மா, பொட்டலம்" என்று ஒரு பெண் கத்தினாள். திரும்பினால் பொய் வெளுத்துவிடும். நேராகப் போய், சந்து சுற்றித் திரும்பி வந்தாள். பொட்டலத்தைக் காணோம். இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று அவளுக்கு முதல் வாரமே புரிந்தது. இனி பின்னால் என்ன வந்தாலும் யாரும் எச்சரிக்க மாட்டார்கள். ஹாண்டில்பாரில் ஒரு கண்ணாடி மாட்டினாள். ஒதுங்கும் முன் தலையைத் திருப்பிப் பார்க்கப் பழகினாள். பழகியது அவள் கழுத்து. நாத்தனாரின் கழுத்துக்கு அது தெரியாது.

அன்று காலை நாத்தனாரின் சைக்கிளில் காற்றில்லை. ஏழு மணிக்குத் தையல் கம்பெனியில் இருக்க வேண்டும். "இன்னிக்கு ஒரு நாள் நீங்க பஸ்ல போங்க அண்ணி" என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பலகையைக் கழற்ற இருவருக்குமே தோன்றவில்லை.

ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் ஒரு போலீஸ்காரரும் ரொட்டி வேன் டிரைவரும் உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரின் உதடு கிழிந்து, ஒரு கண் மூடிப் போயிருந்தது. காது கேட்காத பெண்ணை ஏற்றிவிட்டான் என்று கூட்டம் சேர்ந்து அடித்திருக்கிறது. அடிபட்டவளை அவன் வேனில்தான், ரொட்டித் தட்டுகளுக்கு நடுவில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அவன் கட்டுக்காரம்மாவைப் பார்த்தான். முதலில் புரியாமல் விழித்தான். அவனுக்குத் தெரிந்த சைக்கிள்கார அம்மா இவள், உள்ளே கிடப்பது வேறொருத்தி. எழுந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து மூடி, கைகளால் சைகை காட்டினான். ஹாண்டில்பாரைத் திருப்புவது போல ஒன்று. மெதுவாகத்தான் வந்தேன் என்பது போல ஒன்று. பிறகு இரண்டு கையையும் கூப்பினான். அவளுக்கு எல்லாம் புரிந்தது. ஆனாலும் காது கேட்காதவளாகவே நின்றாள்.

"அடிபட்டவங்களோட ஆள் யாரு?" என்று பின்னாலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

கட்டுக்காரம்மா சட்டென்று திரும்பினாள்.

"அவங்களுக்குக் காது கேக்குது சார்" என்று டிரைவர் சொன்னது முதுகில் கேட்டது. "வாயை மூடிட்டு உக்காரு" என்றார் போலீஸ்காரர்.

வேனின் பின் சக்கரம் நாத்தனாரின் காலின் மேல் ஏறியிருந்தது. முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கி, பாதம் குளிர்ந்து நீலமாயிருந்தது. பார்த்தவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, டாக்டர் சொல்லக் காத்திருக்கவில்லை. மத்தியானம் முட்டிக்குக் கீழே காலை வெட்டி எடுத்தார்கள்.

மூன்றாம் நாள்தான் நாத்தனார் தெளிவாகப் பேசினாள். வார்டில் பத்துக் கட்டில்கள், நடுவே திரைகூட இல்லை. தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"நிறுத்தியிருந்த காரைச் சுத்தி வெளிய வந்தேன் அண்ணி. திரும்பிப் பாக்கலை."

"ஏன் பாக்கலை?"

"என்னிக்குத் திரும்பிப் பாத்தேன்? வண்டி வந்தா ஹாரன் வரும். ஹாரன் வரலை. ரோடு காலின்னு நினைச்சேன்."

கட்டுக்காரம்மா நழுவியிருந்த போர்வையை இழுத்து அவள் தோள்வரை மூடினாள்.

அன்று பகலில் போலீஸ்காரர் வந்தார். மற்றவர்கள் சொன்னதை நம்பி, நாத்தனாரின் முகத்தெதிரே கையை ஆட்டிப் பார்த்து, "நாளைக்கு மத்தியானம் எழுதி வாங்கிக்கறேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுப் போனார். நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டாள். கணவர் தலையாட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஆரம்பித்தார்.

"அவளுக்குக் காது கேக்காதுன்னே இருக்கட்டும். நீ நடுவுல புகுந்து எதையும் குழப்பாதே."

"அந்த வேன்காரன் ஜெயிலுக்குள்ள இருக்கான்."

"இருக்கட்டும். என் தங்கச்சிக்குக் கால் போச்சு. அவனுக்கு என்ன போச்சு?"

"இத்தனை வருஷத்துல எனக்கு வழி விட்டவன் அவன் ஒருத்தன்தான். வழி விட்டதுக்கு உதை வாங்கியிருக்கான்."

"பலகை எழுதினது நான். மாட்டினது நீ. போய்ச் சொன்னா ரெண்டு பேரையும் சேர்த்து உக்கார வைப்பாங்க. விஷயம் வெளிய வந்தா உன்னை எவன் வீட்டுக்குள்ள விடுவான்? அலமாரிச் சாவியைக் கண்ணெதிர வெச்சுட்டுப் போறாங்களே, பொய்க்காரின்னு தெரிஞ்சா வைப்பாங்களா?"

அதுதான் அவளையும் அரித்தது. ஆறு வீட்டிலும் அவள் சொல்தான் சொல். புண் ஆறுகிறது என்றால் ஆறுகிறது, டாக்டரைக் கூப்பிடு என்றால் கூப்பிடுவார்கள். அந்தச் சொல் போனால் இந்தத் தொழிலில் கையில் எதுவும் மிஞ்சாது.

"நான் பொய் சொல்லி ஒருத்தன் உள்ள கிடக்கான்னு தெரிஞ்சப்புறம், நானே எப்படி இன்னொருத்தர் வீட்டுல நுழையறது?" என்றாள்.

"அவ உன்னை மன்னிக்கமாட்டா."

"மன்னிக்கவேணாம். கட்டு மாத்த விட்டாப் போதும்."

கணவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் காலை முதல் வீட்டை முடித்துவிட்டு நேரே ஸ்டேஷனுக்கு நடந்தாள். அவள் சைக்கிள் சுவரோரம், முன் சக்கரம் வளைந்து, பலகையோடு நின்றிருந்தது. வாக்குமூலம் எழுதுகிற போலீஸ்காரர் காகிதத்தை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அப்ப உங்களுக்குக் காது கேக்கும்?"

"கேக்கும்."

"அடிபட்டவங்களுக்கு?"

"என்னைவிட நல்லா."

"அப்புறம் எதுக்கு இந்தப் பலகை?"

"ஹாரன் அடிக்காம இருக்கறதுக்கு."

அவர் பேனாவை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். சிரிக்கவில்லை. எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். 'வேன் வேகமாக வந்து' என்று ஓரிடத்தில் இருந்தது.

"அதை நான் சொல்லலை. நான் பாக்கலை. அடிங்க."

அடித்தார். கையெழுத்து போட்டாள்.

"இதனால அவனை இப்பவே விட்டுடுவோம்னு நினைச்சுக்காதீங்க. அதை கோர்ட் பாத்துக்கும். பொய்ப் பலகைக்கு உங்களையும் கூப்பிடுவாங்க. வீட்டுக்காரரையும்."

"கூப்பிடட்டும்" என்றாள்.

இரண்டாவது வீட்டுக்குப் பஸ்ஸும் நடையுமாகப் போனாள். ஒரு மணி நேரம் பிந்தியிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி ஈரத்தில் கிடந்தாள். துடைத்து, உலர்த்தி, பின்புறம் எரிச்சலாகியிருந்த இடத்துக்கு மருந்து பூசிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

நாத்தனாரின் முழங்காலுக்கு அடியில் யாரோ பரிவோடு ஒரு தலையணை வைத்திருந்தார்கள். அதை உருவிக் கீழே போட்டாள். அப்படியே மடக்கி வைத்திருந்தால் முட்டி மடங்கியபடியே இறுகிவிடும், பிறகு கட்டைக்கால்கூட மாட்ட முடியாது.

"சொல்லிட்டீங்களா?" என்றாள் நாத்தனார்.

"சொல்லிட்டேன். மத்தியானம் வந்து உன்னையும் கேப்பாங்க. நீ உன் இஷ்டப்படி சொல்லு."

நாத்தனார் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அடுத்த கட்டிலில் இருந்தவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கட்டுக்காரம்மா கை கழுவி வந்து பழைய கட்டை அவிழ்த்தாள். தையல் ஓரத்தை மோந்து பார்த்தாள், நாற்றம் இல்லை. நுனியில் இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் குறுக்கு நெடுக்காகப் புதுக் கட்டுச் சுற்றினாள். பிறகு தொடையில் ஒரு கையும் முட்டியின் மேல் ஒரு கையும் வைத்து, "நீட்டு" என்றாள். நாத்தனார் நீட்டவில்லை. மெல்ல மெல்ல அழுத்தி, அவளே நீட்டி, படுக்கையில் படியும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.